ஒழுகாத ஜாயிண்டும் மூன்று ஆட்டுக்காதுகளும்

"நான் போட்ட ஜாயிண்டு ஒண்ணு, ஒரே ஒண்ணு, ஒரு சொட்டு ஒழுகுதுன்னு எவனாவது வந்து காட்டட்டும். அன்னைக்கே நான் இந்த ஊரை விட்டுப் போயிடுறேன்!"

பணி ஓய்வு பெற்ற நாளில், பம்புக் கொட்டகையில் நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில், தேநீர்க் கோப்பையை மைக் போல் பிடித்துக்கொண்டு வால்வுக்காரர் இப்படி முழங்கினார். பலத்த கைதட்டல். மேலதிகாரிகூடத் தட்டினார்; தட்டி முடித்தால்தான் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்ப முடியும். கடைசி வரிசையில் இருந்த வால்வுக்காரரின் மனைவி மட்டும் பக்கத்து நாற்காலிக்காரியின் காதில், "எங்க போவாராம்? மாத்திரை எந்த டப்பாவுல இருக்குன்னு கேக்கவே எங்கிட்டதான் வரணும்" என்றாள்.

முழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வட்டாரத்துத் தெருக்களுக்கெல்லாம் தண்ணீர் அவர் கையால்தான் போய்க்கொண்டிருந்தது. தெரு வால்வைத் திறந்து மூடும் ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடந்து வந்தால், ஜனங்கள் முதலில் சாவிக்கு வணக்கம் சொல்லிவிட்டு அப்புறம்தான் அவருக்குச் சொல்வார்கள். இது போதாதென்று காதுக்கம்பி என்று ஒன்று வைத்திருந்தார். ஒரு முனை கூர்மை, மறுமுனையில் மரக் கிண்ணம். கூர்முனையைக் குழாய்மேல் ஊன்றிக் கிண்ணத்தில் காதை வைப்பார். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்தால் வீட்டார் எப்படி மூச்சடக்கி நிற்பார்களோ, அப்படித் தெருவே நிற்கும். "இங்க தோண்டு" என்பார். தோண்டுவார்கள். ஒழுகிக்கொண்டிருக்கும்.

அப்புறம் அந்த ஜாயிண்டு. சணலைத் திரித்துக் குழாய் முனையின் திருகுப் புரிமேல் சுற்றி, வெள்ளைப் பசை தடவி, ஸ்பேனரால் முறுக்குவதுவரை எல்லாரும் செய்வதுதான். "மத்தவன் நிறுத்துற இடத்துல நான் நிறுத்த மாட்டேன். அதுக்கு மேல ஒரு அரைத் திருகு. அந்த அரைத் திருகுதான் ஆளைக் காட்டும்" என்பார். இந்தத் தத்துவத்தை அவர் வாழ்க்கையின் மற்றத் துறைகளுக்கும் விரித்திருந்தார் என்பதற்கு அவர் வீட்டில் மூடி திறக்க வராத ஊறுகாய் ஜாடிகள் சாட்சி.

ஓய்வு பெற்றபோது இரும்புச் சாவியைத் துறையில் ஒப்படைத்துவிட்டார். காதுக்கம்பி சொந்தச் சொத்து. அது வீட்டுக்கு வந்து செருப்பு அலமாரியின் பக்கத்தில் நின்றது. சாவி, நாற்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவரிடம் போனது. பதவிக்கு வந்து இத்தனை காலமாகியும் தெரு அவரைப் 'புதுச்சாவி' என்றே கூப்பிட்டது. வால்வுக்காரர்தான் கூப்பிட வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

வேலை போனால் என்ன, கை சும்மா இருக்குமா? வீட்டின் முன்பக்கத் தோட்டத்தின்மேல் அந்தக் கை விழுந்தது. தோட்டம் என்றால், கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே, சுற்றுச்சுவரை ஒட்டி ஓடும் ஒரு நீளப் பாத்தி. காலையிலிருந்து மாலைவரை வெயில் அதன்மேல் படுத்துக் கிடக்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில் வால்வுக்காரரின் கல்வாழைகள் கோடை முழுக்கக் கொழுத்து, சிவப்புப் பூவைத் தூக்கிக்கொண்டு நின்றன. தெருவில் மற்றவர் செடிகளெல்லாம் துவண்டு கிடக்கும் நாட்களில் இவை மட்டும் விருந்துக்குப் போகிறவர்கள் போல் பளபளத்தன.

"என்ன உரம் போடுறீங்க அண்ணே?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்பார். அவருடைய தையல் மெஷின் ஜன்னலோரம் இருந்தது. தெருவில் நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது, தைக்கிற துணியில் வருகிற கோணல் மட்டும் தப்பும்.

"உரமா? கைராசி!" என்று வால்வுக்காரர் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

இப்படி உலகம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மருமகள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு வந்து இறங்கினாள்.

மருமகள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கணவன், அதாவது வால்வுக்காரரின் மகன், தொலைதூர லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் சாலைக்குச் சொந்தம். அவளுடைய அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா இருந்த வாடகை வீட்டை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்கள். வந்தவர்கள் முதல் வேலையாக முற்றத்துக்கு சிமெண்டு போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அம்மா வைத்த செடியில் கிடைத்த மூன்று குத்தை வேர்மண்ணோடு தோண்டி எடுத்து வந்திருந்தாள். மறு ஞாயிறு அங்கே தரை சிமெண்டாகிவிட்டது.

வால்வுக்காரர் குனிந்து பார்த்தார். தரையோடு தரையாகப் படுத்திருந்த சாம்பல் நிற இலைகள். வெள்ளி மெழுகியது போல ஒரு பூனைமயிர்ப் பரப்பு. தொட்டால் விரலுக்குக் கீழே இலை இருக்கிறதா துணி இருக்கிறதா என்று சந்தேகம் வரும் மென்மை.

"இது என்னம்மா, வாடிப்போன மாதிரி இருக்கு?"

"வாடல மாமா. அதோட நெறமே அதுதான். அம்மா ஆட்டுக்காதுன்னு சொல்வாங்க. வருஷம் பூரா இப்படியேதான் இருக்கும். நல்ல வெயில் வேணும், அவ்வளவுதான்."

நல்ல வெயில் என்றால் அந்தப் பாத்திதான். வால்வுக்காரர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கடப்பாரையை எடுத்துக் கல்வாழைகளை வேரோடு பெயர்த்துத் தெருக்கோடிக்கு அனுப்பினார். அம்மாவை இழந்த பெண்ணுக்காக அவர் செய்த இந்தத் தியாகத்தை அடுத்த நாலைந்து நாட்களுக்குத் தெருவில் எல்லாரும் அவர் வாயாலேயே கேட்டார்கள்.

மருமகள் மூன்று குத்தையும் வரிசையாக நட்டாள். ஒன்று சுவரின் மூலையில், கேட்டை ஒட்டி. ஒன்று நடுவில். ஒன்று வாசற்படிப் பக்கம். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கைப்பையை இறக்காமலே குனிந்து ஒவ்வொன்றிலும் ஓர் இலையை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தடவிப் பார்ப்பாள். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவாள். மாமியார் அந்த நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிடுவதில்லை.

வந்து நட்ட சில நாட்களிலேயே, பரிசோதனைக் கூடத்துக்கு வாங்கிய புது மெஷினைப் பழகுவதற்காக அவளை வேறு ஊருக்கு மாதக் கணக்கில் அனுப்பினார்கள். பெட்டியோடு கேட்டில் நின்றவள் வால்வுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. அதை நீங்கதான் பாத்துக்கணும்."

"கவலையே படாதே. என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் செய்யக் கூடாது."

வால்வுக்காரருக்குக் காது சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தது. "ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. முக்கியமா தண்ணி ஊத்தாதீங்க. மண்ணு காஞ்சு வெடிச்சாக்கூடப் பரவாயில்ல. ஈரம் நின்னா அழுகிடும். இது போச்சுன்னா எங்கிட்ட வேற இல்ல மாமா."

ஆயுள் முழுக்க ஊருக்குத் தண்ணீர் விட்ட மனிதரிடம், தண்ணீர் விடாதே என்று சொன்னால் அவர் என்ன ஆவார்? சமையல்காரரை விருந்துக்கு அழைத்து, அடுப்புப் பக்கம் வராதே என்றால் ஆவது போல ஆனார். முதல் வாரம் வாக்கைக் காப்பாற்றினார். பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வந்தார். கை தானாகக் குழாய்ப் பக்கம் நீண்டுவிடுமோ என்ற பயம்.

ஒரு நாள் உச்சிவெயிலில் இலைகளெல்லாம் காது தொங்கிக் கிடந்தன. சூட்டில் அது அப்படித் தொங்கும், வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வால்வுக்காரர் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், ஒரு குவளைத் தண்ணீரை மூன்றுக்கும் பங்கு வைத்து ஊற்றிவிட்டுத் திருடன் போல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?" என்றாள் மனைவி.

"வேர்வை."

"குவளையில வேர்த்துச்சா?"

அது நடந்த சில நாட்களில் சுவர் மூலைக் குத்தின் நடு மஞ்சளித்தது. மஞ்சள் கறுப்பானது. கறுப்பு, கொழகொழத்துப் போனது. வால்வுக்காரர் ஓர் இலையை லேசாக இழுத்தார். ஈரத் துணியிலிருந்து நூல் வருவது போல அது கையோடு வந்தது. நாறியது.

ஒரு குவளை! ஒரே ஒரு குவளை! அதிலும் மூன்றில் ஒரு பங்கு! கொலைகாரனுக்குக்கூட இவ்வளவு சின்ன ஆயுதம் கிடைத்திருக்காது. வால்வுக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இனி ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை என்று முடிவு கட்டினார். ஊற்றவும் இல்லை. ஆனால் மண் காயவில்லை. காலையில் விரலை வைத்தால் ஈரம். மதியம் வைத்தால் ஈரம். மேலே வெயில் கொளுத்துகிறது; கீழே மண் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல் கறுத்துக் கிடக்கிறது.

அவர் யுத்தத்தில் இறங்கினார். வாசலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, டேபிள் ஃபேனை ஒரு ஸ்டூல்மேல் வைத்து, பாத்தியைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டார்.

தையல் மெஷின் நின்றது. "அண்ணே! செடிக்கு வேர்க்குதா?"

"வேலையைப் பாருய்யா."

"இல்ல, கேட்டேன். அப்படியே ஒரு சோடாவும் வாங்கிக் குடுத்துருங்க."

வாசற்படியில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "வாங்க, வந்து பாருங்க எல்லாரும். எனக்கு வேர்த்தா ஜன்னலைத் திறன்னு சொல்ற மனுஷன். கட்டின நாளா ஒரு நாள் எனக்கு விசிறினதில்ல. செடிக்கு ஃபேனு!"

"உனக்கு அழுகலா வந்திருக்கு?"

"இந்த வீட்ல இருந்தா வரும்."

ஃபேன் ஓடியது. மூலைக் குத்து செத்தது. அழுகல் நகர்ந்து நடுக்குத்தைப் பிடித்தது. அதையாவது காப்பாற்றுவோம் என்று வால்வுக்காரர் மண்வெட்டியால் அகழ்ந்து ஒரு தொட்டிக்கு மாற்றினார். தூக்கும்போதே பாதி வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது. தொட்டியில் அது அவர் முகத்தை இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியது. மிச்சம் இருந்தது வாசற்படிப் பக்கத்து ஒன்று.

இதற்கு நடுவே சாயங்காலந்தோறும் தொலைபேசி.

"மாமா, ஆட்டுக்காது எப்படி இருக்கு?"

"ராணி மாதிரி இருக்கும்மா."

"மூணுமா?"

"மூணு ராணி."

மனைவி உள்ளேயிருந்து ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள்.

"ஒரு போட்டோ அனுப்புங்க மாமா. பாக்கணும்போல இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கலை ஒரு நாளில் வருவதில்லை. ஆனால் தேவை வந்தால் வந்துவிடும். வால்வுக்காரர் முழங்காலிட்டு, பிறகு வயிற்றால் படுத்து, கடைசிக் குத்தின் நல்ல பக்கத்தை மட்டும், பின்னால் வேறெதுவும் தெரியாத கோணத்தில் பிடித்து அனுப்பினார். எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பதில் உடனே வந்தது.

"எங்கம்மா இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு மாமா."

வால்வுக்காரர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தொலைபேசியைக் குப்புற வைத்தார். பிறகு எடுத்து மறுபடி படித்தார். இடுப்புக்குத் தைலம் தடவ வந்த மனைவியிடம், "வேணாம், வலிக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் புதுச்சாவி சைக்கிளில் வந்து கேட்டில் மணியடித்தார். "அண்ணே, மெயின் லைன்ல வேலை. தெரு வால்வை மூடுறேன். ரெண்டு நாளைக்குத் தண்ணி வராது, புடிச்சு வச்சுக்கோங்க."

"என் காலத்துல எல்லாம் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருவேன்."

"உங்க காலத்துல லைனே ரெண்டு முழம்தானே அண்ணே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் புதுச்சாவி மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் நின்றது. அன்று மாலை பாத்தி மண்ணின் நிறம் வெளுத்தது. மறுநாள் வால்வுக்காரர் விரலை வைத்தார், பொடி ஒட்டியது. கடைசிக் குத்தின் இலைகள் தலையணையில் முதுகைச் சாய்த்துக்கொண்டவை போல் நிமிர்ந்து வெள்ளியாய் மின்னின. சுவருக்கு எதிர்ப்பக்கமாக, நடைபாதைச் சரளைக்குள் ஒரு சின்னத் தளிர்கூட எட்டிப் பார்த்தது.

"பாத்தியா! பாத்தியா என் ஃபேனோட வேலையை!" என்று அவர் வீடு அதிரக் கத்தினார்.

மூன்றாம் நாள் காலை தெரு வால்வு திறந்தது. மதியத்துக்குள் பாத்தி கறுத்தது.

வால்வுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெயிலில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நின்றார். அவருடைய மூளை, ஊருக்கே ஒழுக்கு கண்டுபிடித்த அந்தப் பெரிய மூளை, ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதைத் தனக்கே சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்றால் மண் காய்கிறது. தண்ணீர் வந்தால் மண் நனைகிறது. செத்தது முதலில் மூலைக் குத்து, அடுத்து நடுக்குத்து. அந்த மூலையில், சுவருக்கு இப்புறம், மண்ணுக்கடியில் தெரு லைனிலிருந்து வீட்டுக்குப் பிரியும் ஜாயிண்டு ஒன்று இருக்கிறது. மீட்டருக்கு முன்னாலேயே இருப்பதால் அங்கே எவ்வளவு போனாலும் மீட்டர் சொல்லாது. வீடு கட்டியபோது துறை அனுப்பிய ஆளை, "நீ நகரு" என்று நகர்த்திவிட்டு அதைப் போட்டவர் யார் என்பதைத் தெருவில் பால் குடிக்கும் குழந்தையும் அறியும்.

'சீச்சீ, அது இருக்காது' என்று முடிவு கட்டிக் காதுக்கம்பியை எடுத்தார்.

முதலில் பக்கத்து வீட்டுக் கழிவுக் குழாயில் ஊன்றிப் பார்த்தார். அமைதி. தையல்காரர் வீட்டு வாசல் பைப்பில் ஊன்றினார்.

"அண்ணே, என் வீட்டுக்கு உடம்பு சரியில்லையா?"

"சும்மா ஒரு பரிசோதனை."

"பாத்துச் சொல்லுங்க. வயித்தால போகுதான்னு பாருங்க."

அங்கேயும் அமைதி. தெருவிலிருந்த எல்லாருடைய குழாய்களையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகு, மதியச் சாப்பாடு முடிந்து தெரு கண்ணயர்ந்த நேரத்தில், வேறு வழியில்லாமல் சொந்த வீட்டு மூலையில் மண்ணுக்குள் கம்பியைச் செருகினார். 'ணங்' என்று இரும்பு தட்டியது. கிண்ணத்தில் வலது காதை வைத்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

இடது காதை வைத்தார். அதற்கும் கேட்டது. இவ்வளவு கூர்மையான காதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் முதுமையில் என்ன சுகத்தைக் கண்டான்?

படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கல்வாழைகள் ஞாபகத்துக்கு வந்தன. கோடையிலும் கொழுத்த கல்வாழைகள். கைராசி. எத்தனை வருஷமாக ஒழுகிக்கொண்டிருக்கிறதோ! அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு விஷயங்களில் ஒன்று மற்றதை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கிறது.

இனி என்ன செய்வது? கடைசிக் குத்தை வேறிடத்துக்குத் தூக்கலாம். ஆனால் நடுக்குத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டது. இதைத் தூக்கினாலும் பாதி வேர் மண்ணிலேயே தங்கிவிடும். ஜாயிண்டைத் தானே ரகசியமாக மாற்றலாம். ஆனால் குழாயில் தண்ணீர் நிற்கும்வரை கழற்ற முடியாது. பீறிட்டுக்கொண்டு தெருவுக்கே செய்தி சொல்லும். தெரு வால்வை மூட வேண்டும். மூடும் சாவி புதுச்சாவியிடம் இருக்கிறது. புதுச்சாவியிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

இரண்டு நாள் அவர் ஒன்றும் செய்யவில்லை. கடைசிக் குத்தின் சுவர்ப்பக்கத்து இலைகளில் மஞ்சள் விழுந்தது. அவர் அந்த இலைகளைக் கிள்ளி எடுத்தார், அடியில் சரளைக்கல் பரப்பினார், பழைய செய்தித்தாளை மண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தார். காலையில் மறுபடி மஞ்சள்.

மனைவி அன்று கிண்டல் செய்யவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னங்க, என்ன விஷயம்னு எங்கிட்டயாவது சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ஒருத்தர் பாத்ரூம்ல போய் உக்காந்து தனக்குத்தானே பேசுவாங்களா?"

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. மனைவி எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் காதில் வைத்துவிட்டாள்.

"மாமா, வர்ற வெள்ளிக்கிழமை கெளம்பறேன். மூணு ராணியும் சௌக்கியமா?"

வால்வுக்காரர் பாத்தியைப் பார்த்தார். "அம்மாடி... ரெண்டு போச்சும்மா."

மனைவி கையிலிருந்து தொலைபேசியை வாங்கி மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் அனுப்பின போட்டோ பொய்யில்ல. ஆனா அது ஒண்ணுதான் இருந்துச்சு. மத்த ரெண்டும் அப்பவே போச்சு. ஒரு குவளைத் தண்ணி ஊத்தினேன். ஒரே ஒரு குவளைதான்."

"ஒரு குவளைக்கெல்லாம் அழுகாது மாமா" என்றாள் மருமகள். குரல் கம்மியிருந்தது. "கீழ எங்கேயோ ஈரம் நிக்குது. எங்கேருந்து வருதுன்னு பாத்தீங்களா?"

இதுதான் சமயம். வால்வுக்காரர் வாயைத் திறந்தார். வாய் அவருடைய அனுமதி இல்லாமல், "தெரியலம்மா" என்றது.

"யாரையாவது கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க மாமா. உங்களுக்குத் தெரியாத ஆளா? அந்த ஒண்ணாவது இருக்கட்டும். நான் வர்ற வரைக்குமாவது."

மனைவி தொலைபேசியை வாங்கி வைத்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள். காதுக்கம்பி அங்கே மண்ணில் குத்திட்டு நின்றபடியே இருந்தது. எடுத்து வைக்கவும் அவர் மறந்திருந்தார். அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"உங்க ஜாயிண்டா?"

அவர் வேட்டியில் ஒட்டாத மண்ணைத் தட்டினார்.

"அட ராமா" என்று சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "சொல்லிட்டா என்ன, யாரு உங்க தலையை வாங்கப் போறா?"

"உனக்குப் புரியாது."

"எனக்கா? மூடி திறக்காத ஜாடியில இருந்து கரண்டிக் காம்பால நோண்டி ஊறுகாய் எடுக்கிற எனக்கா புரியாது?"

மறுநாள் காலை. தெருமுனைத் தேநீர்க் கடையின் பெஞ்சில் வழக்கமான கூட்டம். புதுச்சாவி இரும்புச் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். தையல்காரர் காதில் சாக்குக்கட்டியோடு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஃபேன் கதையாகத்தான் இருக்கும், ஏனென்றால் வால்வுக்காரரைக் கண்டதும் சட்டென்று வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வால்வுக்காரர் ராத்திரி பகல் பார்க்காமல் நட்ட நடுச் சாலையில் கழுத்தளவுப் பள்ளத்தில் இறங்கியவர். பெஞ்சுக்கும் அவருக்கும் நடுவிலிருந்த நாலடியைக் கடக்க முடியாமல் நின்றார்.

"வாங்க அண்ணே, ஒரு டீ?" என்றார் புதுச்சாவி.

"வேணாம். தெரு வால்வைக் கொஞ்சம் மூடணும்ப்பா."

"எதுக்கு?"

"ஒழுக்கு."

"யாரு வீட்ல?" என்று தையல்காரர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். அவருடைய பைப்பில் கம்பி ஊன்றப்பட்டது அவருக்கு மறக்கவில்லை. "எங்க வீட்லயா?"

"இல்ல."

"பின்ன?"

ஒரு சைக்கிள் கடந்து போனது. வால்வுக்காரர் அது திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்ல. மூலை ஜாயிண்டு."

யாரும் கைகொட்டிச் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை எதிர்பார்த்து உடம்பை இறுக்கி வைத்திருந்தார். சிரிப்பு வராததால் இறுக்கத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. தையல்காரர் மட்டும் ரொம்ப மரியாதையாக, "அது யாரு போட்டது அண்ணே?" என்று கேட்டார்.

"உனக்குத் தெரியாதாக்கும்" என்றார் வால்வுக்காரர்.

புதுச்சாவி ரொட்டியின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். வால்வு மூடப்பட்டது. பின்னாலேயே கடைக்கூட்டமும் வந்தது. அது வராமல் இருந்தால்தான் அதிசயம். வால்வுக்காரர் யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. கடைசிக் குத்தின் பக்கம் ஒரு பலகையைச் செருகி மறைப்புக் கட்டிவிட்டு, மூலையைத் தானே தோண்டினார். முழங்கால் ஆழத்தில் மண் சேறானது. சேற்றுக்குள் கையை விட்டுத் தடவினார். கண்டுபிடித்தார். நேரம் எடுத்துக்கொண்டு துடைத்தார். இரும்புக் கழுத்தில், முறுக்கின் போக்கிலேயே, ஒரு மெல்லிய விரிசல் ஓடியிருந்தது.

புதுச்சாவி குனிந்து பார்த்தார். "ஓவர் டைட்டு" என்றார், தன்னையும் அறியாமல். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அரைத் திருகு" என்று வால்வுக்காரர் சேற்றைப் பார்த்தபடியே சொன்னார். "இல்ல, சொந்த வீடாச்சேன்னு இன்னும் ஒரு அரை சேர்த்தேன். மொத்தம் முழுத் திருகு."

வாசற்படியில் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாது.

பழைய ஜாயிண்டைக் கழற்றி வெளியே எடுத்து வைத்தார்கள். புதியது வந்தது. சணல் வந்தது, பசை வந்தது. புதுச்சாவி எல்லாவற்றையும் ஒரு துணியில் பரப்பி, ஸ்பேனரை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். "போடுங்க அண்ணே. நான் புடிச்சுக்கறேன். யாரு கேட்டாலும் பழசு துருப்பிடிச்சுதுன்னு சொல்லிக்கலாம்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தையல்காரர் எட்டிப் பார்ப்பதற்காக ஒரு செங்கல்மேல் ஏறி நின்றார். பலகைக்கு அந்தப் புறம் ஒற்றைக் குத்து ஆட்டுக்காது, பாதி சாம்பலும் பாதி மஞ்சளுமாக, வெயிலில் கிடந்தது.

வால்வுக்காரர் ஸ்பேனரைத் தொடவில்லை. சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பள்ளத்திலிருந்து ஏறினார்.

"நீ போடுப்பா" என்றார். "நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்து."

அவர் பலகையை மெல்ல விலக்கி, செடியின் பக்கத்தில் முழங்காலிட்டு, ஈரமான மண்ணை விரலால் அகற்றி, காய்ந்த சரளையை அதன் கழுத்தைச் சுற்றித் தள்ள ஆரம்பித்தார். பின்னால் புதுச்சாவி முறுக்கும் சத்தம் கேட்டது. நின்றது. வால்வுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.